தலையாட்டியதற்கு ஒரு விளக்கக் கடிதம்

1

"உரையாடல் முழுவதும் இவர் தம் தலையை இரு பக்கமும் தாராளமாகவும் தன்னியல்பாகவும் அசைத்துக்கொண்டிருந்தார்."

என்னைப் பற்றி எழுதப்பட்ட ஒரு மருத்துவ அறிக்கையின் நான்காம் பக்கத்தில் இருக்கும் வாக்கியம் இது. மூலம் ஆங்கிலம்; தமிழில் சொல்லியிருப்பது நான். இந்த ஒரு வாக்கியத்தால் நான் பொய்க்காரி ஆகவிருந்தேன். எப்படி என்பதை ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது. ஏனென்றால் இந்தத் தவறு நம் பக்கத்து ஆட்களுக்கு மட்டுமே வாய்க்கும்.

விபத்து நடந்து இந்த வாரத்தோடு ஒரு வருடம். நான் ஓசூர்க்காரி. ராயக்கோட்டை சாலையில் வளர்ந்து, அங்கேயே ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் நான்கு வருடம் வேலை பார்த்துவிட்டு, இப்போது இங்கிலாந்தில், கவென்ட்ரி நகரத்தில் இருக்கிறேன். கணவர் விக்டர் இங்கே ஒரு கிடங்கில் கணினிப் பிரிவில் இருக்கிறார். மகள் லியாவுக்கு ஆறு வயது நடக்கிறது, வந்தபோது கைக்குழந்தை. என் வேலை அன்றும் இன்றும் ஒன்றுதான்: இரும்பில் செய்த பொருள் வரைபடத்தில் சொன்ன அளவில் இருக்கிறதா என்று அளந்து சொல்வது. முடியின் கனத்தில் பாதி கூடினாலும் குறைந்தாலும் அதைத் தள்ளி வைப்பது.

அன்று காலை லியாவைப் பள்ளிக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தேன். சிக்னலில் சிவப்பு. நின்றேன். பின்னால் வந்த வேன் நிற்கவில்லை. முதலில் சத்தம், அதற்குப் பிறகுதான் அடி. என் தலை முன்னால் போய்ப் பின்னால் வந்தது. லியா தன் தண்ணீர் பாட்டில் விழுந்துவிட்டது என்று அழுதாள். அவளுக்கு வேறொன்றும் ஆகவில்லை. வேன்காரர் இறங்கி ஓடி வந்து "உங்களுக்கு ஒன்றும் இல்லையே?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன்.

மறுநாள் எழுந்தபோது கழுத்து இடப்பக்கம் திரும்பவில்லை. ஆங்கிலத்தில் இந்தக் காயத்துக்குச் சாட்டையின் பெயரை வைத்திருக்கிறார்கள். தலை சாட்டை நுனிபோல வீசப்படுவதால். ஓசூரில் இதற்குத் தனிப்பெயர் கிடையாது. கழுத்து பிடித்துக்கொண்டது என்போம், கோணலாகப் படுத்து எழுந்தவருக்கும் லாரி இடித்தவருக்கும் சேர்த்து. எக்ஸ்ரேயில் எதுவும் தெரியாது. வலிக்கிறது என்று சொல்பவரின் வாயைத் தவிர வேறு சாட்சி இல்லாத காயம்.

தவறு தங்கள் ஆளுடையதுதான் என்று வேனின் காப்பீட்டு நிறுவனம் முதல் வாரத்திலேயே ஒப்புக்கொண்டது. இழப்பீட்டுக்கு இணையத்தில் விண்ணப்பிக்கலாம், வக்கீல் தேவையில்லை என்றார்கள். படிவங்கள் எனக்குப் பிடிக்கும். எல்லாக் கட்டத்தையும் நிரப்பினேன். ஆறு மாதம் கழித்து ஒரு மருத்துவரிடம் அனுப்பினார்கள். உடற்பயிற்சிக்கூடம் ஒன்றின் மாடியில் அறை. தரை வழியாகப் பாட்டின் அதிர்வு வந்துகொண்டிருந்தது. அவர் கேள்வி கேட்டார், பதில் சொன்னேன், தட்டச்சு செய்தார். கழுத்தைத் திருப்பச் சொன்னார். இடப்பக்கம் முடியவில்லை என்றேன். கால்மணி நேரத்தில் முடிந்துவிட்டது.

அறிக்கை வந்ததும், விவரங்கள் சரியா என்று பார்த்து ஒப்புதல் கொடுக்கச் சொன்னார்கள். பெயர், பிறந்த தேதி, கார் எண், எந்தப் பக்கம் வலி. ஒவ்வொன்றாகச் சரிபார்த்து ஒப்புதல் பொத்தானை அழுத்தினேன். நான்காம் பக்கத்து வாக்கியத்தையும் படித்தேன். அதில் எண் எதுவும் இல்லாததால் கடந்து போய்விட்டேன்.

மூன்று வாரத்தில் காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து கடிதம் வந்தது. நான் காயத்தை மிகைப்படுத்தியிருக்கிறேன் என்று கருத இடமிருக்கிறதாம். பதினான்கு நாட்களுக்குள் கோரிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொண்டால் அத்தோடு முடித்துக்கொள்வார்களாம். இல்லையென்றால் நான் நேர்மையற்றவள் என்று நீதிமன்றத்தில் வாதிடுவார்களாம்.

மிகைப்படுத்தல். அந்தச் சொல்லை எங்கள் வீட்டுக்கு வந்த ஒரு காகிதத்தில் முன்பே ஒருமுறை பார்த்திருக்கிறேன்.

2

பதினைந்து வருடத்துக்கு முன் நான் பதினொன்றாம் வகுப்பு. அம்மா கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம், கார்களுக்கு ஒயர் கட்டும் ஒரு தொழிற்சாலையில் இருந்தார். முதல் ஷிப்ட் முடித்துக் கம்பெனி வேனில் திரும்பி வரும்போது அத்திப்பள்ளி சுங்கச்சாவடி வரிசையில் வேன் நின்றுகொண்டிருக்க, பின்னால் ஒரு லாரி வந்து இடித்தது. கடைசி இருக்கையில் அம்மா.

பெரிய அடி யாருக்கும் இல்லை. யாருடைய போலீஸ் எழுதுவது என்பதில்தான் அன்று மாலை போனது. கடைசியில் கர்நாடகப் போலீஸ் கன்னடத்தில் எழுதிக் கொடுத்தது. அம்மாவுக்குக் கன்னடம் தண்ணீராக வரும், பேச மட்டும். தளிப் பக்கத்தில் பிறந்தவர். எழுதியதை வீட்டில் யாருக்கும் படிக்கத் தெரியவில்லை. அதை அம்மா பைபிளுக்குள் வைத்திருந்தார்.

ஆறு வாரம் கழுத்துப்பட்டை போட்டார். அப்புறம் டாக்டர், இனிமேல் போட்டால் கழுத்து பலம் இழந்துவிடும், கழற்றிவிடுங்கள் என்றார். கழற்றினார். வலி போகவில்லை. வேலையில் நிற்க முடியாமல் நின்றுவிட்டார்.

கிருஷ்ணகிரி கோர்ட்டில் வழக்கு. வக்கீலை நாங்கள் பார்த்ததைவிட அவருடைய குமாஸ்தாவைப் பார்த்ததுதான் அதிகம். வழக்கு விசாரணைக்கு வந்தபோது நான் கல்லூரி முதல் வருடம். குமாஸ்தா சொன்னார்:

"கை ஒடஞ்சிது கால் ஒடஞ்சிதுன்னா நான் ஒன்னும் சொல்ல மாட்டேங்கம்மா. உங்களுக்கு எக்ஸ்ரேல ஒன்னுமே இல்ல. உள்ளாற இருக்கிற வலி ஜட்ஜய்யாவுக்கு எப்பிடித் தெரியும்? வாய்தா அன்னைக்கு அந்தப் பட்டையப் போட்டுக்கிட்டு வாங்க."

"டாக்டரு அதக் கழட்டச் சொல்லிட்டாருங்களே."

"டாக்டரா வந்து கேஸு நடத்தப் போறாரு?"

அம்மா தலையாட்டினார்.

வாய்தா நாட்களில் நானும் கூடப் போவேன். ஓசூரில் பஸ் ஏறும்போது பட்டை துணிப்பைக்குள் இருக்கும். சூளகிரி தாண்டும்வரை அம்மா ஏதாவது பேசிக்கொண்டே வருவார். அதற்குப் பிறகு பேச்சு நின்றுவிடும். கிருஷ்ணகிரி பேருந்து நிலையத்தில், நேரக்காப்பாளர் அறைக்குப் பின்னால், நான்தான் பட்டையைக் கழுத்தில் சுற்றி ஒட்டுவேன். திரும்பும்போது அதே இடத்தில் நான்தான் பிரிப்பேன். அந்த ஒட்டு பிரியும் சர்ரென்ற சத்தத்துக்கு யாராவது திரும்பிப் பார்ப்பார்களோ என்று ஒவ்வொரு முறையும் சுற்றிப் பார்ப்பேன்.

3

விக்டர் கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

"வாபஸ் வாங்கிடு, ஜெனி."

"வாங்குனா நான் பொய் சொன்னேன்னு ஆயிடாதா?"

"யாருக்கு ஆகும்? அவங்க ஃபைல மூடுவாங்க, நாம நிம்மதியா இருப்போம். இன்னும் கொஞ்ச நாள்ல நிரந்தரமா தங்குறதுக்கு அப்ளை பண்ணணும். அதுல கேட்பாங்க. கோர்ட்டு உன்னை நேர்மை இல்லாதவன்னு எழுதிட்டா, அப்புறம் நாம மூணு பேரும் எங்க போறது?"

"ஓசூருக்குப் போறது."

"லியாவ அங்க எந்த ஸ்கூல்ல போடுவ? அவளுக்குத் தமிழ்ல எண்ணவே இருபதுக்கு மேல வராது."

அவர் சொன்னதில் தவறு எதுவும் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட்டேன். இடப்பக்கம், திரும்பப் பெற்றால் என்ன இழப்பேன். வலப்பக்கம், எதிர்த்து நின்றால் என்ன இழப்பேன். வலப்பக்கம் வீடு, வேலை, மகளின் பள்ளி என்று நிரம்பியது. இடப்பக்கம் ஒரே ஒரு வரி. அந்த வரியையும் என்ன எழுதுவது என்று தெரியாமல் 'நான் அளந்தது சரி' என்று எழுதியிருந்தேன்.

ஏனென்றால் நான் அளந்திருந்தேன். விபத்து நடந்த இரண்டாவது வாரத்திலிருந்து ஒவ்வொரு காலையும் பல் துலக்கியதும் நாற்காலியில் நேராக உட்கார்ந்து, விக்டரின் சைக்கிள் ஹெல்மெட்டைப் போட்டு, அதன் உச்சியில் ரப்பர் பேண்டால் கட்டிய கைப்பேசியைத் திசைகாட்டியாக வைத்து, இடம் மூன்று முறை, வலம் மூன்று முறை திரும்புவேன். சராசரியைக் குறிப்பேட்டில் எழுதுவேன். லியா இதற்கு 'மம்மி ரோபோ' என்று பெயர் வைத்திருந்தாள். வலம் அறுபத்தெட்டு டிகிரி. இடம் இருபத்திரண்டு. அதற்கு மேல் போனால் காதுக்குக் கீழிருந்து தோள்வரை ஒரு கம்பியை இழுப்பதுபோல இருக்கும்.

ஓரமாக வலியையும் குறித்திருந்தேன். நல்ல நாட்களும் இருந்தன. 'இன்று வலி இல்லை' என்று பதினொரு இடங்களில் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு எதிரே, 'பூங்காவில் லியாவைத் தோளில் தூக்கினேன். பரவாயில்லை' என்று என் கையெழுத்தில் இருந்தது.

"இந்தப் பக்கத்த யாருக்கும் காட்டிடாத" என்றார் விக்டர்.

4

அந்த வாக்கியம் எங்கிருந்து வந்தது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. திரும்பாத கழுத்தை எப்போது நான் தாராளமாக அசைத்தேன்? மருத்துவர் வேறு யாருடைய குறிப்பையோ என் அறிக்கையில் சேர்த்துவிட்டார் என்று நான்கு நாள் நம்பிக்கொண்டிருந்தேன். அதையே பதிலாக எழுதவும் தொடங்கிவிட்டேன். எழுதியிருந்தால் தொலைந்திருப்பேன்.

ஐந்தாம் நாள் காலை. லியா ரொட்டியைக் கடித்துக்கொண்டே, பள்ளிக்குத் தன் கால்உந்து ஸ்கூட்டரை எடுத்துப் போகட்டுமா என்று கேட்டாள். நான் பாத்திரம் கழுவிக்கொண்டே பதில் சொன்னேன்.

"மம்மி, யெஸ்ஸா நோவா?"

"அதான் சொன்னேனே."

"நீங்க ஒன்னும் சொல்லல. இப்படிப் பண்ணீங்க." கார் முன்கண்ணாடிக்குக் கீழே ஒட்டி வைக்கும் நாய் பொம்மைபோலத் தலையை இரண்டு பக்கமும் ஆட்டிக் காட்டினாள். "எப்பவும் இப்படியே பண்றீங்க. டாடியும். வாயால சொல்லுங்க."

கையில் இருந்த தட்டைக் கீழே வைத்தேன்.

இதை எனக்கு ஒருவர் முன்பே சொல்லியிருக்கிறார். ஓசூர் தொழிற்சாலையில் நான் சேர்ந்த முதல் மாதம். அச்சு ஒன்றைக் கிரேனில் தூக்கும் இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். மேற்பார்வையாளர் கிருஷ்ணப்பா, எல்லாரும் விலகியாச்சா என்று கேட்டார். தலையாட்டினேன். அவர் கிரேனை நிறுத்தச் சொல்லிவிட்டு என்னிடம் வந்தார். அவர் வீட்டில் தெலுங்கு, கோபத்தில் கன்னடம்.

"தலெ ஆடிஸபேடம்மா. பாயல்லி ஹேளு." தலையாட்டாதே, வாயால் சொல் என்கிறார். பிறகு தமிழில்: "நீ ஆட்டுன ஆட்டுக்கு ஆமான்னும் எடுத்துக்கலாம், கேட்டுக்கினு இருக்கேன்னும் எடுத்துக்கலாம், பாத்துக்கலாம் போன்னும் எடுத்துக்கலாம். மேல தொங்குறது ரெண்டு டன்னு. எதத் தூக்கறது, எத எறக்கறது?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கிரேன் பக்கத்தில் மட்டும் வாயால் சொல்லப் பழகினேன். மற்ற இடத்தில் தேவைப்படவில்லை. எங்கள் பிரிவில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் பேசுவோம். மூன்று மொழிக்கும் பொதுவாக இந்த ஒரு தலையாட்டல் இருந்தது. யாரும் யாரையும் என்ன சொன்னாய் என்று திருப்பிக் கேட்டதில்லை.

அன்று மாலை கைப்பேசியை அலமாரியில் நிறுத்தி, விக்டரோடு சும்மா பேசிக்கொண்டிருந்ததைப் படம் பிடித்தேன். ஓட்டிப் பார்த்தேன். பத்து நிமிடத்தில் நாற்பது முறைக்கு மேல் எண்ண முடியாமல் விட்டுவிட்டேன். கேட்கும்போது ஆடுகிறது, ஒப்புக்கொள்ளும்போது ஆடுகிறது, வலிக்கிறது என்று சொல்லும்போதும் ஆடுகிறது. முகத்தைப் பார்த்தால் என் முகம். தலை மட்டும் அதன் போக்கில்.

மருத்துவர் பொய் எழுதவில்லை. பார்த்ததைத்தான் எழுதியிருந்தார்.

5

"அப்ப ரொம்ப சுலபம்" என்றார் விக்டர். "இன்னொரு தடவ டாக்டர்கிட்ட அனுப்பச் சொல்லிக் கேளு. இந்தத் தடவ தலைய ஆட்டாம உக்காரு. அவ்வளவுதானே?"

அவ்வளவுதான் என்று எனக்கும் தோன்றியது. பயிற்சி எடுத்தேன். குளியலறைக் கண்ணாடி முன் நின்று, விக்டரைக் கேள்வி கேட்கச் சொல்லி, தலையை அசைக்காமல் பதில் சொன்னேன். தாடையை இறுக்கினேன். தோள்களைக் கொஞ்சம் உயர்த்தினால் சுலபமாக இருந்தது. நான்காவது கேள்விக்குக் கண்ணாடியில் பார்த்தேன். கழுத்து விறைத்து, முகம் மட்டும் முன்னால் பார்த்தபடி, கண்களை உருட்டி இடமும் வலமும் பார்க்கும் ஒரு பெண். கிருஷ்ணகிரி பேருந்து நிலையத்தில் நான் பட்டை ஒட்டிவிட்ட பிறகு அம்மா இப்படித்தான் இருப்பார்.

அம்மாவின் விசாரணை அன்று கோர்ட்டில் நடந்ததை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

அம்மா கூண்டில் நின்றார். காப்பீட்டுக் கம்பெனியின் வக்கீல் மரியாதையாகத்தான் கேட்டார். "இந்தப் பட்டைய தினமும் போட்டிருக்கீங்களாம்மா?" அம்மா பட்டைக்குள் முடிந்த அளவு தலையை ஆட்டினார். "தினமுமா?" மறுபடியும் ஆட்டினார். சாட்சி ஆமாம் என்று சொன்னதாக எழுதிக்கொள்ளப்பட்டது. பிறகு வக்கீல் ஒரு புகைப்படத்தை நீட்டினார். கெலமங்கலம் சந்தை. அம்மா தக்காளிக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு யாரிடமோ சிரித்துக்கொண்டிருக்கிறார். கழுத்தில் எதுவும் இல்லை.

"இது நீங்கதானே?"

அம்மா என்னைத் தேடினார். தலை திரும்பவில்லை, கண் மட்டும் என் பக்கம் வந்தது.

ஆஸ்பத்திரிச் செலவை மட்டும் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு. வலிக்கும் போன வேலைக்கும் ஒன்றுமில்லை. ஆங்கிலத்தில் இருந்த தீர்ப்பு நகலை நான்தான் அம்மாவுக்குப் படித்துச் சொன்னேன். 'மனுதாரர் தம் காயத்தை மிகைப்படுத்தியுள்ளார்' என்ற இடத்தில் நின்றேன்.

"அப்பிடின்னா?"

"நீ ஜாஸ்தியா சொல்லிட்டியாம்."

"நான் எங்க சொன்னேன் பாப்பா? நான் வாயே தொறக்கலியே" என்றார் அம்மா.

கண்ணாடி முன்னால் எனக்கு இது நினைவு வந்தது. வலி உண்மை. திரும்பாதது உண்மை. ஆனால் ஆடாமல் உட்கார்ந்திருக்கும் தலை ஒரு பட்டை. அதை ஒட்டுவதும் நான்தான், பிரிப்பதும் நான்தான்.

விக்டரிடம் சொன்னேன். அவர், "ஆட்டுனா பொய்யிங்கிறாங்க, ஆட்டலன்னா பொய்யிங்கிற. கழுத்த என்னதான் பண்றது?" என்றார். இருவருக்கும் சிரிப்பு வந்தது. எனக்குச் சிரித்தால் வலித்தது.

6

பதிலைப் பன்னிரண்டாம் நாள் அனுப்பினேன். ஒரு பக்கம். அதன் சாரம்:

ஒன்று. நான்காம் பக்க வாக்கியம் உண்மை. அதைப் படித்து ஒப்புதல் கொடுத்ததும் நான்தான். அதன் பொருள் புரியாமல் கொடுத்தேன். அது என் தவறு.

இரண்டு. தலைக்கு மூன்று அசைவுகள் உண்டு: திரும்புவது, குனிவது, சாய்வது. எனக்குக் காயம் பட்டது திரும்புவதில். மருத்துவர் பார்த்தது சாய்வது. நான் பிறந்த பகுதியில் அது ஆமாம் என்று பொருள்படும் பேச்சு. நான் எடுத்த வீடியோவில் அளந்தால் அது பெரும்பாலும் எட்டு டிகிரி.

மூன்று. நான் தினமும் அளந்து எழுதிய குறிப்பேட்டின் எல்லாப் பக்கங்களையும் இணைத்திருக்கிறேன். வலி இல்லாத நாட்களும் அதில் உள்ளன. மகளைத் தோளில் தூக்கிய நாளும் உள்ளது.

நான்கு. அதே மருத்துவர் என்னை மீண்டும் பார்க்கட்டும். வேறொருவர் வேண்டாம்.

விக்டர் மூன்றாவதை மட்டும் நீக்கச் சொன்னார். நீக்கவில்லை. அனுப்பியது தெரிந்ததும் அவர் ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை; லியா வழியாக உப்பு கேட்டார்.

ஒரு மாதம் கழித்து அதே மாடி, அதே பாட்டு. மருத்துவர் என் கடிதத்தை அச்செடுத்து வைத்திருந்தார். ஓரத்தில் அவர் கையால் இரண்டு கோடுகள். முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை.

"தொடங்கலாமா?"

தலை ஆடியது. நான் தடுக்கவில்லை. அவர் எழுதுகோலை நிறுத்தினார்.

"இப்போது செய்தீர்களே, அதுவா?"

"ஆமாம்" என்று வாயாலும் சொன்னேன்.

எழுந்து போய்க் கோணம் அளக்கும் கருவியை எடுத்து வந்தார். என் நெற்றிக்கு மேலே பிடித்துக்கொண்டு, "இன்னொரு முறை செய்யுங்கள்" என்றார்.

வரவில்லை. செய்து காட்டு என்றால் அது வேறு எதுவோ ஆகிவிடுகிறது. முயன்றேன், நாய் பொம்மை ஆடியது. அவர் காத்திருந்தார். இப்போது நம்பாமல் போய்விடுவார் என்று பயந்தேன். முப்பது வருடமாகக் கேட்காமலே வந்துகொண்டிருந்த ஒன்று, தேவைப்பட்ட ஒரே நிமிடத்தில் வரவில்லை.

அவர் கருவியை இறக்காமல், "உங்கள் மகளுக்கு எத்தனை வயது?" என்றார்.

"ஆறு நடக்கிறது."

"பள்ளிக்கு விருப்பமாகப் போகிறாளா?"

விருப்பமாகவா, ஏதோ போகிறாள், திங்கட்கிழமை மட்டும் வயிற்றுவலி வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லி முடித்தபோது அவர் ஏற்கெனவே இரண்டு எண்களைக் குறித்திருந்தார்.

"ஏழு. ஒன்பது" என்றார்.

பிறகு கழுத்தைத் திருப்பச் சொன்னார். வலம் திரும்பினேன். இடம் திரும்பினேன். இருபத்து மூன்றில் நின்றது. கருவியை எடுத்துவிட்டு, நான் எதிர்பாராத நேரத்தில் இடப்பக்கச் சன்னலைக் காட்டி ஏதோ கேட்டார். நான் நாற்காலியோடு திரும்பினேன். அதையும் எழுதிக்கொண்டார்.

"பார்த்ததை எழுதுவேன். அதற்கு மேல் எழுத மாட்டேன்" என்றார் கிளம்பும்போது.

"அது போதும்" என்றேன். தலையும் சொன்னது.

7

அதற்குப் பிறகு ஒன்பது வாரம் எந்தத் தகவலும் இல்லை. தபால் விழும் சத்தம் கேட்கும்போதெல்லாம் விக்டர் என் முகத்தைப் பார்ப்பார், நான் அவர் முகத்தைப் பார்ப்பேன். நிரந்தர அனுமதிக்கான படிவத்தை முக்கால்வாசி நிரப்பி வைத்திருந்தோம். நன்னடத்தை பற்றிய பக்கம் மட்டும் காலி.

கடிதம் போன செவ்வாய்க்கிழமை வந்தது. கூடவே மருத்துவரின் துணை அறிக்கை. முன்பு குறிப்பிட்ட அசைவு பக்கவாட்டுச் சாய்வு என்றும், அது உரையாடலின் பகுதி என்றும், இடப்பக்கம் திரும்ப இயலாமையோடு அதற்கு முரண்பாடு இல்லை என்றும் எழுதியிருந்தார். மிகைப்படுத்தல் பற்றிய தங்கள் கருத்தைத் திரும்பப் பெறுவதாக நிறுவனம் ஒரு வரியில் சொல்லியிருந்தது. வருத்தம் என்ற சொல் எங்கும் இல்லை. தொகை, அவர்களுடைய அட்டவணைப்படி எல்லாருக்கும் என்ன உண்டோ அது.

விக்டர் அந்தக் காலிப் பக்கத்தை நிரப்பினார். நான் அம்மாவை வீடியோவில் அழைத்தேன். ஓசூரில் மாலை நான்கு மணி. அம்மா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். கைப்பேசியைத் தண்ணீர்ச் செம்பின் மேல் சாய்த்து வைத்தார்.

எல்லாவற்றையும் சொன்னேன். தலையாட்டியது, எழுதியது, அளந்தது.

"அவரு கேட்டா வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன? அதுக்குத்தானே இங்கிலீஷ் படிக்க வெச்சோம்" என்றார்.

"சொன்னேம்மா. தலையும் சேந்து சொல்லிடுச்சு."

"யாரு வீட்டுத் தலை" என்று சிரித்தார். பிறகு காயை நறுக்குவதை நிறுத்தினார். "அப்ப நீ ஜாஸ்தியா சொல்லலன்னு எழுதிக் குடுத்துட்டாங்களா?"

"எழுதிட்டாங்கம்மா."

அம்மா தலையாட்டினார். சரி என்று.

அளவு பார்ப்பது எனக்குத் தொழில். இருந்தும் இத்தனை வருடமாக நான் பார்க்காத ஒன்றை அப்போது பார்த்தேன். அம்மாவின் தலை வலப்பக்கம் சாய்ந்தது, நேராக வந்தது, நின்றது. இடப்பக்கம் போகவே இல்லை. அம்மாவின் சரி ஒரு பக்கச் சரி.

அந்த நேரம் கேட் பக்கம் யாரோ "அக்கா, ரோஜா வேணுமா?" என்று குரல் கொடுத்தார்கள். கேட் அம்மாவுக்கு இடது. அம்மா கத்தியைக் கீழே வைத்தார், எழுந்தார், முழு உடம்போடு அந்தப் பக்கம் திரும்பினார், வேண்டாம் என்றார், திரும்பி வந்து உட்கார்ந்தார். அவர் எப்போதும் அப்படித்தான் திரும்புவார். அது அவர் பழக்கம் என்று நினைத்திருந்தேன்.

"அம்மா, உக்காந்தபடியே தலைய மட்டும் கேட் பக்கம் திருப்பு."

"எதுக்கு? அவன்தான் போயிட்டானே."

"திருப்பேன்."

திருப்பினார். முகம் திரையைவிட்டு முழுதாக விலகவே இல்லை. பத்து டிகிரி இருந்தால் அதிகம். வாயோரம் இறுகியது.

"வலிக்குதாம்மா?"

அம்மாவின் தலை அசையத் தொடங்கியது. ஆமாம், இல்லை, பரவாயில்லை, விடு, எல்லாமாகவும் இருக்கக்கூடிய அந்த அசைவு.

"தலையாட்டாத. வாயால சொல்லு."

அம்மா கைப்பேசியைப் பார்த்தார். ஓர் அவரைக்காயை எடுத்தார், நார் உரிக்காமல் கீழே வைத்தார்.

"வலிக்குது, பாப்பா" என்றார்.

எத்தனை நாளாக என்று நான் கேட்கவில்லை. தேதி எனக்குத் தெரியும்.